சொல்லிவிட்டுப் போகிற அக்கா

அந்த அக்காவுக்கு இடது காலில் ஆணி இருந்தது. மாத்திரை போட்டால்தான் வயிறு இளகும். மகள் வீட்டுக்குப் போனால் மூன்றாம் நாள் மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். எனக்கு மட்டும் தெரிந்த வீட்டு விஷயங்கள் இல்லை இவை. திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் சந்தில் இருக்கிற இருபது கடைக்கும் தெரியும். கழக்கூட்டம் போகிற காலை ஏழேகால் பஸ்ஸில் டிரைவர் முதல் கடைசி சீட் வரை தெரியும். அவள் வாயில் எதுவும் தங்காது. பல் தேய்க்கும்போது வந்த யோசனையைப் பஸ்ஸில் சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் இறங்குவாள்.

என் கடை அந்தச் சந்தின் முனையில். ஜெராக்ஸ், தமிழ் மலையாளம் டைப்பிங், லேமினேஷன். அக்கா எதிரில் கயிற்றுக் கடைக்கு மேலே ஒரு அறையில் வாடகைக்கு இருந்தாள். சொந்த ஊர் குளச்சல் பக்கம். கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் தரை துடைக்கிற வேலை. அவளுக்கு அப்போது ஐம்பது இருக்கும், எனக்கு முப்பத்தைந்து. வேலை முடிந்து வந்ததும் என் ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பெனியில் எந்தப் பையன் எந்தப் பெண்ணோடு காப்பி குடித்தான் என்பது வரை ஒப்பிப்பாள். அதைக் கேட்டுக்கொண்டே நான் மிஷினில் பேப்பரைத் தப்பாக வைப்பேன். தப்பு என்னுடையது என்று அதையும் போகிற வருகிற ஆளிடம் சொல்வாள்.

வெளியே கிளம்புவதாக இருந்தால் சொல்லாமல் போகவே மாட்டாள். கயிற்றுக் கடை அண்ணாச்சி, டீக்கடை, வாழைக்காய் மண்டி, என் கடை என்று வரிசையாக வாசலில் நின்று சொல்வாள்.

"பிள்ளே, நா பல்லு பிடுங்கப் போறேன். அஞ்சு மணிக்கு வந்திருவேன். வரல்லைன்னா கெடந்து கூவணும், கேட்டியா?"

பல் பிடுங்கப் போகிறவளை யார் அக்கா தூக்கிக்கொண்டு போவான் என்று கேட்டேன். தூக்குகிறவன் பல்லைப் பார்த்தா தூக்குவான் என்றாள்.

இப்படிப்பட்ட ஆள்தான் ஒரு நாள் ஜெனீவாவுக்குக் கடிதம் எழுதினாள்.

தம்பானூரில் ஒரு லாட்ஜின் கழிவுத் தொட்டிக்குள் இரண்டு பேரைக் கயிறு கட்டி இறக்கினார்கள். முகமூடி கிடையாது, மிஷின் கிடையாது. இருவரும் தென்காசிப் பக்கத்து ஆட்கள். ஒருவர் அரை மயக்கத்தில் மேலே வந்தார். மற்றவர் வரவில்லை. குடித்துவிட்டுத் தானாகப் போய் விழுந்தார் என்று அவர்களை இறக்கிய கான்ட்ராக்டர் சொன்னான், போலீஸும் அதை அப்படியே எழுதிக்கொண்டது. மேலே வந்தவரை அன்று சாயங்காலமே ரயிலேற்றி அனுப்பிவிட்டான், ஆள் பிறகு அகப்படவேயில்லை. இறந்தவரின் மனைவி கம்பெனியில் அக்காவோடு ஒரே மாடியில் தரை துடைப்பவள். என் வீட்டுக்காரருக்குக் குடிக்கிற பழக்கமே கிடையாது, அதையாவது திருத்தி எழுதச் சொல்லுங்கள் என்று அவள் அழுதாள். அக்கா அந்த ஒரு வரியைத் திருத்தக் கிளம்பினாள்.

உள்ளூரில் எழுதாத இடமில்லை. எல்லா மனுவையும் நான்தான் டைப் செய்தேன். எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. அப்புறம் ஒரு வக்கீல் பெண் வழி சொன்னாள். உலகத்தில் எங்கே மனிதரை மனிதர் மிதித்தாலும் அந்தந்த நாட்டு அரசாங்கத்திடம் கேள்வி கேட்கிற பெரிய அலுவலகம் ஒன்று ஜெனீவாவில் இருக்கிறதாம், அதற்கு எழுதலாமாம். அக்கா சொல்லச் சொல்ல நான் தமிழில் அடித்தேன், வக்கீல் பெண் இங்கிலீஷில் மாற்றினாள். அதோடு கண்ணால் பார்த்த ஒருவரின் சாட்சியும் போனது. அந்த உறையை மட்டும் அக்கா என் கண்ணில் காட்டவில்லை, வக்கீல் பெண் கையில் நேராகக் கொடுத்துவிட்டாள். எனக்கு லேசாக வருத்தம். வருத்தப்பட நேரம் இல்லாமல் அடுத்த வாரமே மற்ற எல்லாம் ஊருக்குத் தெரிந்துபோனது. தெரிவித்தது வேறு யார், அக்காதான். அண்ணாச்சியிடம் அவள் "ஜெனீவாக்கு எழுதியிருக்கேன்" என்றதும், அது எந்த வார்டு என்று அவர் கேட்டார்.

நாலு மாதம் கழித்து ஜெனீவாவிலிருந்து அரசாங்கத்துக்குக் கேள்வி வந்தது. பெரிய இடத்துக் கேள்வி கீழே இறங்க இறங்கச் சூடு ஏறும் போலிருக்கிறது. அங்கே 'தயவுசெய்து விளக்கம் தரவும்' என்று கிளம்பியது எங்கள் சந்துக்கு வந்து சேரும்போது 'எவள் அவள்' என்று ஆகியிருந்தது. அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: இருவரையும் கட்டாயப்படுத்தி இறக்கியதை மேலே இருந்து பார்த்த ஒருவர் சாட்சி சொல்லியிருக்கிறார், பாதுகாப்புக்காக அவர் பெயரை வெளியிடவில்லை. கான்ட்ராக்டருக்குத் தூக்கம் போனது அந்த வரியால்தான். அக்காவைவிட அவனுக்கு வேண்டியது அந்த மேலே இருந்த ஆள். ஆள் யார் என்று தெரிந்தால் கைகால் மிஞ்சாது என்று தம்பானூரில் வெளிப்படையாகவே பேசினார்கள்.

முதலில் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். அக்காவை மாடிப்படியில் மறித்து, உள்நாட்டு விஷயத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார்கள். அவர்கள் சந்தைத் தாண்டுவதற்குள் அக்கா கீழே வந்து எல்லாக் கடையிலும் சொல்லிவிட்டாள். பைக் நம்பர், சட்டை நிறம், பின்னால் இருந்தவனுக்கு நல்ல வரிசைப் பல், முன்னால் இருந்தவன் சாப்பிடாமல் வந்திருக்கிறான், பாவம். மறுநாள் அந்தப் பைக் சந்துக்குள் நுழைந்தபோது டீக்கடைக்காரர் பெஞ்சில் இருந்தே, வரிசைப் பல்லா, உள்ளே வா, சாயா குடி என்று கூப்பிட்டார். அப்புறம் அவர்கள் வரவில்லை.

கம்பெனி வேலை போனது. காரணம் சொல்லவில்லை, நாளை முதல் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். அக்கா ஏழேகால் பஸ்ஸில் கடைசியாக ஒரு முறை போய் ஒவ்வொரு சீட்டாக நின்று காரணத்தை அவளே சொல்லிவிட்டு வந்தாள். பிறகு தம்பானூரில் ஒரு ஹோட்டலில் காய் நறுக்கப் போனாள். சிரித்துக்கொண்டுதான் போனாள். ஆனால் அந்த வாரம் என் ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் எழுந்துபோன ஒரு நாளும் உண்டு. அன்று எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்து அண்ணாச்சி. அறையைக் காலி செய்யச் சொல் என்று அவருக்கு நெருக்கடி வந்தது. நல்ல மனிதர், ஆனால் நிழலைக் கண்டாலும் ஒதுங்கிப் போவார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாடி ஏறினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா, உங்களைப் பற்றியும் ஜெனீவாக்கு எழுதியிருக்கிறேன் அண்ணாச்சி என்றாள். அவர் இரண்டு படி கீழே இறங்கிவிட்டாராம். இந்த ஆபத்திலும் எனக்கு இடம் கொடுத்துக் காப்பாற்றுகிறவர் என்று பேர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாம் கொடுத்திருக்கிறேன் என்றாள். அண்ணாச்சி கீழே இறங்கி வந்து வெகுநேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். மறுவாரம் மாடிப்படிக்கு வெள்ளையடித்தார். ஜெனீவாக்காரர்கள் நேரில் வந்தால் இடம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா என்றார். அப்புறம் தினமும் கடைக்கு வந்து, என்னைப் பற்றி அங்கிருந்து ஏதாவது பதில் வந்ததா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் வக்கீல் பெண் அக்காவை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பினாள். வெளிநாட்டு அமைப்புகளிடம் முறையிட்டதற்காகப் பழிவாங்கப்படுகிறவர்கள் தங்களைக் காத்துக்கொள்வது எப்படி என்று சொல்லித்தருகிற வகுப்பு. எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது, தினமும் வழியை மாற்ற வேண்டும், போனுக்குக் கடினமான பாஸ்வேர்டு வைக்க வேண்டும், அதை யாருக்கும் சொல்லக் கூடாது. அக்கா சாயங்காலம் திரும்பி வந்து இதை எல்லாம் கடை கடையாகச் சொன்னாள். பாஸ்வேர்டையும் சொன்னாள். கடினமான பாஸ்வேர்டு, அவளுக்கு மறந்துபோகுமாம், நாம் நினைவு வைத்துக்கொள்ள வேண்டுமாம். அடுத்த மாதம் அவளுக்கு மறந்தபோது வாழைக்காய் மண்டியில் மூட்டை இறக்குகிறவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். உனக்கு ஓட்டை வாய் அக்கா, உன்னை நம்பி ஒருவர் சாட்சி சொல்லியிருக்கிறாரே, அவர் கதி என்ன என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"ஒளிஞ்சு போறவள என்ன செஞ்சாலும் யாருக்கும் தெரியாது பிள்ளே. நா சொல்லிட்டுப் போறவ. எனக்கு ஒண்ணு பற்றினா, செஞ்சவன் இருபது பேருக்குக் கணக்குச் சொல்லணும்."

அது வெறும் பேச்சு இல்லை என்று ஒரு நாள் தெரிந்தது. இறந்தவரின் மனைவியைப் பார்க்கக் கழக்கூட்டம் போனாள், நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்று வழக்கம்போல் எல்லா வாசலிலும் சொன்னாள். நாலு ஆனது, வரவில்லை. நாலே கால். போன் அணைந்திருந்தது. நாலரைக்கு அண்ணாச்சி கடையைப் பாதி இழுத்து மூடினார். நிழலுக்கு ஒதுங்குகிற அதே அண்ணாச்சிதான். பின்னால் டீக்கடை, மண்டி, மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள், நான், மொத்தம் நாற்பது பேர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நின்றோம். எஸ்.ஐ. திகைத்துப்போனார். யாரைக் காணோம் என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னோம். எப்போதிலிருந்து என்றார். அரை மணி நேரமாக என்றோம். அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஜெனீவாவுக்கு இப்போதே போன் போடப் போகிறோம் என்று அண்ணாச்சி சொன்னதும் திரும்ப எடுத்தார்.

நடந்தது இதுதான். அக்கா திரும்பும்போது நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி, தம்பானூரில் இறங்காமல் தூங்கிப்போய், இருபது கிலோமீட்டர் தள்ளி நெய்யாற்றின்கரையில் கண் விழித்திருக்கிறாள். ஆறு மணிக்கு ஒரு சீப்பு ரசகதலிப் பழத்தோடு ஸ்டேஷனுக்கே வந்தாள். எங்களைப் பார்த்ததும் கண் கலங்கியது. உடனே சமாளித்துக்கொண்டு, நாலு மணி என்று சொன்னால் நாலு மணிக்கே கூவ வேண்டாமா, அரை மணி நேரம் எதற்குப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள் என்று திட்டினாள். எஸ்.ஐ.க்கும் இரண்டு பழம் கொடுத்தாள்.

அன்று முதல் எஸ்.ஐ. அவளை விசாரணைக்குக் கூப்பிட்டால், முடிந்ததும் அவரே என் கடைக்குப் போன் செய்வார். உங்கள் ஆள் இப்போதுதான் கிளம்பினாள், பத்து நிமிஷத்தில் வந்து சேருவாள், வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பார்.

ஜெனீவா ஆட்கள் அக்காவிடம் நேராகப் பேச விரும்பினார்கள், வீடியோவில். பிற்பகல் மூன்று மணி, என் கடைக் கம்ப்யூட்டரில். மிக ரகசியம் என்று வக்கீல் பெண் எழுதியிருந்தாள். மூன்று மணிக்கு என் கடையில் நிற்க இடமில்லை. அண்ணாச்சி புதுச் சட்டையில் வந்திருந்தார். இன்டர்நெட் விட்டு விட்டு வந்ததால் என் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் ஆறு 'ம்' ஆக இருக்கும்.

திரையில் ஒரு வெள்ளைக்கார அம்மாவும், மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணும் வந்தார்கள். முதல் கேள்வியே, நீங்கள் இப்ப தனிய இருக்கிறீங்களோ, பாதுகாப்பான இடந்தானோ என்பதுதான். "ஓ, தனியாத்தான் இருக்கேன்" என்று அக்கா கேமராவைத் திருப்பிக் காட்டினாள். இருபத்தைந்து பேர் கையாட்டினோம். அண்ணாச்சி கும்பிட்டார். வெள்ளைக்கார அம்மா கொஞ்ச நேரம் அசையவில்லை, இன்டர்நெட் நின்றுவிட்டது என்று நினைத்து நான் என் வீட்டுக்காரரைத் திட்டினேன்.

மிரட்டியது, வேலை போனது, பைக், பல், எல்லாம் சொன்னாள். கடைசியில், சாட்சி சொன்னவர் நலமாக இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

"சுகமா இருக்காரு. யாரும் அவரை அறியல்ல. அறியவும் மாட்டாங்க."

கடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சந்தில் யாருக்கும் அந்த ஆள் யாரென்று தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரமே சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் என் கடைக்கு வந்தார். மரியாதையான ஆள். சேச்சி, அவள் எல்லாம் உங்களிடம்தானே சொல்வாள், அந்த மேலே இருந்த ஆள் யார் என்று மலையாளத்தில் கேட்டார். நான் ஒரு மணி நேரம் பேசினேன். பயத்தில் பாதி, பெருமையில் பாதி. அக்காவின் ஆணி, வயிறு, மருமகன், பாஸ்வேர்டு. அந்த ஆள் நிச்சயமாக லாட்ஜில் மூன்றாம் மாடியில் தங்கியிருந்த கோயம்புத்தூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று நானாக யோசித்து வைத்திருந்ததையும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தே அது உண்மை என்று நம்பியிருப்பார். அவர் கோயம்புத்தூர் வரை போய் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கேள்விக்கு மேல் கேள்வி வந்து கடைசியில் மறுவிசாரணைக்கு உத்தரவானது. குடித்துவிட்டு விழுந்தார் என்ற வரியை அடித்தார்கள். கான்ட்ராக்டர் மேல் வழக்கு பதிவானது. இறந்தவரின் மனைவி அந்தக் காகிதத்தில் பத்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வருடம் அக்கா மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது எல்லா வாசலிலும் சொன்னாள். எத்தனை மணிக்கு வருவாள் என்று மட்டும் சொல்லவில்லை.

இதெல்லாம் நடந்து ஏழு வருடம் ஆகிறது. வழக்கு இந்த வருடம்தான் விசாரணைக்கு வந்தது. போன வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் சாப்பாட்டின் நடுவே, திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகணும் என்றார். எதற்கு என்றேன். சாட்சி சொல்ல என்றார். அன்று அந்த லாட்ஜில் தண்ணீர் மோட்டார் பார்க்க மொட்டை மாடியில் ஏறியிருந்தவர் அவர். மேலே இருந்து பார்த்தவர் அவர். இந்த முறை பேரைச் சொல்லி, நேராக நின்று சொல்வதாக வக்கீல் பெண்ணிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் நெடுநேரம் சோற்றைப் பிசைந்தார்.

"அவதான் சொல்லண்டாம்னு சொன்னா. ஒனக்குத் தெரியல்லைன்னா, யாரு வந்து கேட்டாலும் நீ பொய் சொல்ல வேண்டாம்லா."

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. முதல் நாள் அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது, கோபமாக இருந்தது, நினைத்து நினைத்துப் பயமாகவும் இருந்தது. என் கடையில், என் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் வயிறு வரை என்னிடம் திறந்து காட்டியவள், என் வீட்டு விஷயத்தை என்னிடமே சொல்லாமல் இருந்திருக்கிறாள். சொல்லியிருந்தால் அந்தப் போலீஸ்காரருக்கு என் முகமே சொல்லிக் கொடுத்திருக்கும். இன்று இவருக்குக் கையும் காலும் இருந்திருக்குமா என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் ஆரம்பித்துவிட்டாள். முட்டியில் வலி, மருமகன் இப்போதும் மூன்றாம் நாள்தான் முகம் தூக்குகிறான், பக்கத்து வீட்டுக் கோழி இவள் வாசலில் முட்டையிட்டது, அதை அவித்துத் தின்றுவிட்டு அவர்களிடமே சொல்லிவிட்டாள். மூச்சு விடுகிற இடத்தில் நான் நுழைந்து, மாடியில் இருந்தது என் வீட்டுக்காரர்தானே அக்கா என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏது மாடி?" என்றாள்.

நான் லாட்ஜைச் சொன்னேன், உறையைச் சொன்னேன், அவரே என்னிடம் சொல்லிவிட்டார், நாளைக்குக் கோர்ட் என்றேன்.

"அவரு சொன்னா அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஒன் வீட்டுக்காரருக்கும் எனக்கும் என்ன பேச்சு பிள்ளே? எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அடுப்பில் மீன் கிடக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் போனைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன்.

என்ன சொன்னாள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"உங்களை அவளுக்குத் தெரியவே தெரியாதாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு தேய்ப்புப் பெட்டியை எடுத்து, திங்கட்கிழமைக்கான சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார்.